பகானில் ஒரு தமிழ்ப் பதிவு

2018இல் வீட்டாருடன் பர்மாவின் பழைய தலைநகரான பகான் போயிருந்தேன். ஐராவதிக் கரையில் 2000க்கும் மேற்பட்ட பௌத்தக் கட்டடங்கள். ஆனந்தா கோயிலில் நான்கு திசை நோக்கி நான்கு புத்தர்கள் நிற்கிறார்கள்.

பௌத்த அரசர்களின் அந்த ஊரில் வணிகர்களின் பெருமாள் கோயிலும் இருந்தது. அருகே மியின்கபாவில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதைச் சொல்கிறது. நம் செங்கோட்டைக்கு மேற்கே மலை தாண்டினால் வரும் மலைமண்டலத்தில், மகோதயர்பட்டினத்தைச் (இன்றைய கொடுங்கல்லூர்) சேர்ந்த குலசேகர நம்பி, நானாதேசி விண்ணகருக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்தார்.

வங்கியில் லெட்ஜர் எழுதிய எனக்கு அது வரவுப் பதிவாகவே பட்டது: யார், எந்த ஊர், என்ன கொடுத்தார். விளக்கு அணைந்தாலும் பதிவு நிற்கிறது.

நம் காசி விசுவநாதர் கோயிலிலும் குற்றாலநாதர் கோயிலிலும் இப்படிப் பல கல்வெட்டுகள் உண்டு. தயவுசெய்து அவற்றின் மேல் விபூதி, குங்குமம் தடவாதீர்கள்.