திரள் மின்மயமாக்கம்

திரள் மின்மயமாக்கம் என்பது பொது மின்வழங்கல் எட்டாத ஊர்களில் வீடுதோறும் தனித்தியங்கும் சிறிய சூரிய மின்தொகுதிகளைக் கம்பிகளால் பிணைத்து, அவற்றை ஒரு சிற்றூர் மின்வலையாக மாற்றும் முறையாகும். இதற்கென மைய மின்நிலையம் எதுவும் தேவையில்லை. இம்முறை வங்காளதேசத்தில் நடைமுறைப்படுத்தப்பட்டது.

பின்னணி

வங்காளதேசத்தில் 2003 இல் தொடங்கிய திட்டமொன்றின் கீழ் 2018 வரை 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட சூரிய வீட்டுத் தொகுதிகள், பெரும்பாலும் தவணை முறையில், விற்கப்பட்டன. பொதுவாக 100 வாட்டுக்கும் குறைந்த தகடு, 12 வோல்ட் ஈய-அமில மின்கலம், மின்னேற்றக் கட்டுப்படுத்தி, சில விளக்குகள் ஆகியவை ஒரு தொகுதியில் அடங்கும். மின்கலம் நிரம்பியதும் கட்டுப்படுத்தி தகட்டின் மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். அதன்பின் விழும் வெயில் வீணே. தகடு வாங்க இயலாத அடுத்த வீட்டிலோ அன்றிரவும் மண்ணெண்ணெய் விளக்கே எரியும்.

இணைப்பிலுள்ள சிக்கல்கள்

இரு வீட்டு மின்கலங்களை நேரடியாகப் பக்க இணைப்பில் இணைப்பது எளிது போலத் தோன்றினும் இடர் மிக்கது. ஓய்வு நிலையில் நிரம்பிய கலம் ஏறத்தாழ 12.7 வோல்ட்டிலும், வெறுமையான கலம் 11.8 வோல்ட்டிலும் இருக்கும். கம்பி குறுகியதாயின் இவ்வேறுபாடே பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சப் போதுமானது. நலிந்த பழைய கலம் புதியதன் ஆற்றலை ஓயாது உறிஞ்சும். மேலும், கட்டுப்படுத்தி தன் முனைகளில் காணும் அழுத்தத்தைக் கொண்டே கலம் நிரம்பியதா எனக் கணிக்கிறது. அயல்வீட்டுத் தகடு உயர்த்திய அழுத்தத்தால் அது ஏமாந்து, மின்னேற்றத்தை முன்னதாகவே நிறுத்தக்கூடும்.

தொலைவு மற்றொரு தடையாகும். 50 மீட்டர் தொலைவிலுள்ள வீட்டுக்கு 12 வோல்ட்டில் 60 வாட் அனுப்ப 5 ஆம்பியர் வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில், போகவர 100 மீட்டருக்கு, ஏறத்தாழ 2 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 48 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு அரை வோல்ட் அளவே.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இருதிசை மின்னழுத்த மாற்றி பொருத்தப்படுகிறது. அது வீட்டுக் கலத்தைப் பொதுக் கம்பியிலிருந்து பிரித்து வைத்து, கலம் நிரம்பியிருப்பின் மிகையை விற்கவும், குறைந்திருப்பின் வாங்கவும் செய்கிறது. இரண்டையும் அளவியில் பதிகிறது. தகடில்லாது கலம் மட்டும் வைத்திருப்போரும் இதில் சேரலாம். நேர்மின்னோட்டத்தில் எழும் மின்வில் எளிதில் அணையாதாகையால், அதற்கெனச் செய்த உருகி ஒவ்வொரு கிளைக்கும் இன்றியமையாதது. 

நடைமுறை

டாக்காவைச் சேர்ந்த சோல்ஷேர் நிறுவனம் 2015 இல் சரியத்பூர் மாவட்டத்தில் இத்தகைய முன்னோடி வலையை அமைத்தது. மின்சாரத்துக்கான கட்டணம் கைபேசி வழிப் பணப் பரிமாற்றத்தால் செலுத்தப்பட்டது. எனினும் அரசு மின்கம்பிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாக ஊர்களை எட்டின. 2022 மார்ச்சில் நாடு முழுதும் மின்வசதி பெற்றதாக அரசு அறிவித்தது. அதற்குள் பல வீட்டுத் தொகுதிகள் பயன்பாடின்றிப் போயிருந்தன. சோல்ஷேர் நிறுவனமும் மின்சார மூன்று சக்கர வண்டிகளின் மின்கலங்கள் பக்கம் தன் பணியை விரிவாக்கியது.