சிலம்பும் கழுமரமும்: வன்னி அரங்கில் குடும்பக் குறியீடுகளின் வரலாறு

இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருவான குடியேற்றக் கிராமங்களில் உருத்திரபுரமும் ஒன்று. இப்பகுதிக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி பெற்று வந்தோர் பலர். அவர்கள் விட்டுவந்த ஊர்களின் அம்மன் கோயில் முற்றங்களில் காத்தவராயன் கூத்து விடியவிடிய ஆடப்பட்டது. கிழக்கே முள்ளியவளை, வற்றாப்பளைப் பக்கம் கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்தது முல்லைமோடிக் கோவலன் கூத்து. இவ்விரு மரபுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருந்து பார்த்தால் ஒன்று புலப்படும். இரண்டையும் தெய்வக் கதைகள் என்று வகுத்துவிட்டோம். உள்ளே நடப்பதோ வீட்டு வழக்கு.

நோர்வே நாடகாசிரியர் இப்சன் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் (1879) நோராவைக் கணவனுக்குத் தெரியாமல் இனிப்புத் தின்ன வைக்கிறார். அந்தச் சிறு ஒளிப்பின் பொருளைப் பார்வையாளர் காட்சி காட்சியாகத்தான் கண்டுகொள்ள முடியும். கூத்துப் பார்ப்பவருக்கு அந்த வேலை இல்லை. சிலம்பு என்ன செய்யும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். அதனால் அவர்கள் கண் சிலம்பை ஏந்தும் கையின்மேல் நிற்கிறது. கண்ணகி கழற்றிக் கொடுக்கையில் அது நம்பிக்கை. கோவலன் அதை விற்கக் கொண்டுபோகையில், தோற்றவன் மீண்டும் தலைநிமிரப் பார்க்கும் கூச்சம். தட்டானிடம் அது வஞ்சகத்துக்குக் கிடைத்த வாய்ப்பு. விசாரியாமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியனின் அவசரத்தையும் அதே சிலம்பு காட்டிக்கொடுக்கிறது. ஒரே அணிகலன் நால்வரின் குணத்தையும் அளந்துவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்த வேறுபாடு வழக்கைத் தீர்க்கும் சான்று. குணத்தை அளப்பதற்கு அது தேவைப்படவில்லை.

காத்தவராயன் கூத்தின் குறியீடு இன்னும் கடுமையானது. வேறு சாதிப் பெண்ணான ஆரியமாலையை மணக்கத் துடிக்கும் மகன் காத்தவராயன் என்னும் காத்தான், மறுக்கும் தாய் முத்துமாரி. தாய் அடுக்கும் தடைகளின் முடிவில் கழுமரம் நிற்கிறது. காத்தானின் பருவங்களுக்கேற்ப ஆதிகாத்தான், பின்காத்தான் என ஆட்கள் மாறுவர். ஆசையும் கழுவும் மாறுவதில்லை. மகனின் பிடிவாதம் எத்தனை உயரம் என்பதைக் கழுமரம் கண்முன் நிறுத்துகிறது. அதைவிட முக்கியமாக, காக்கும் வல்லமை கையில் இருந்தும் விட்டுக்கொடுக்காத தாயின் வீம்பையும் காட்டுகிறது. சாதி கடந்த திருமணத்துக்குக் குடும்பம் விதிக்கும் தண்டனையை இதைவிட வெளிப்படையாக எந்தச் சமூக நாடகம் சொல்லியிருக்கிறது? இக்கூத்து அம்மனுக்கு நேர்த்தியாகவும் ஆடப்படுவதால், கழுவேறும் காட்சியில் நடிப்பையும் வேண்டுதலையும் பிரித்தெடுக்க முடியாது. இதைப் ‘பாமர அரங்கு’ என்று ஒதுக்கிய விமர்சனம் இந்த நுட்பத்தைத் தவறவிட்டது என்றே நினைக்கிறேன்.

அச்சிட்ட நாடகத்தோடு நிலைமை மாறியது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘உடையார் மிடுக்கு’ யாழ்ப்பாணப் பேச்சுமொழியையே பாத்திரத்தின் அடையாளமாக்கியது. அங்கே பொருட்களுக்குப் பெரிய வேலையில்லை. குறியீடு வலுவோடு திரும்பியது குழந்தை ம. சண்முகலிங்கத்திடம். 1985இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ தலைப்பிலேயே பிட்டுக்கு மண் சுமந்த கதையை நினைவூட்டி, திருவிளையாடலின் மண்ணை உழைப்பவர் தோளுக்கு மாற்றியது. 1990களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘எந்தையும் தாயும்’, பிள்ளைகள் வெளிநாடு போனபின் ஊரில் எஞ்சிய முதியோரைப் பற்றியது. சிலம்பைப்போலக் கைமாறும் பொருளோ, நட்டுவைத்த கழுவோ இங்கே இல்லை. ஆளில்லாத வீடுதான் குறியீடு. அதை விட்டுப் போக மறுப்பவரும் பிள்ளைகளோடு போக ஏங்குபவரும் அந்த வெறுமையோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதிலேயே குணம் தெரிகிறது.

முத்துமாரிக்கு மகனைக் கழுவிலிருந்து மீட்கும் அதிகாரம் இருந்தது. சண்முகலிங்கம் படைத்த தாய்க்கு அப்படி எந்த அதிகாரமும் இல்லை. விசாவும் விமானச் சீட்டும் அவள் கைக்கு எட்டாதவை.