கூட்டுக் கிணறும் கம்ப்யூட்டர் அறையும்

"மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க அண்ணாச்சி, உங்க தொழிலைப் பத்தியே இருந்தாலும் சரி" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். கயத்தாறுக்காரன் பேனாவைத் தொட்டால் கட்டபொம்மனைப் பற்றித்தான் எழுதுவான் என்று எதிர்பார்க்கும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும். 1799 அக்டோபர் 16-ஐப் பற்றி எழுத நம் வரலாற்றுத் துறைக்காரர்கள் இருக்கிறார்கள். நான் கணிதம் படித்துவிட்டு, முப்பது வருஷம் கம்ப்யூட்டர் அறைக் குளிரில் காலம் தள்ளியவன். எனக்குத் தெரிந்த சரித்திரம் சர்வர்களின் சரித்திரம்தான்.

எங்கள் தாத்தாவுக்குக் கரிசலில் ஒரு கூட்டுக் கிணற்றில் பங்கு உண்டு. ஒரு கிணறு, நாலு பங்காளிகள், முறை வைத்து இறைப்பு. தன் முறை வருகிற நாளில் ஒவ்வொருவருக்கும் அது சொந்தக் கிணறு மாதிரி. முறை பார்த்துச் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். வர்ச்சுவல் மெஷின் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கிணறுதான் கணிப்பொறி, முறை பார்க்கும் பெரியவர்தான் ஹைப்பர்வைசர் என்கிற மென்பொருள். ஒரு வித்தியாசம், இங்கே பங்காளிகளுக்குத் தாங்கள் பங்காளிகள் என்பதே தெரியாது. ஒவ்வொருவரும் முழுக் கிணறும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இது ஏதோ நேற்று வந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் சி.பி.-40 என்ற மென்பொருள் 1967-லேயே ஓடியது. ஒரே இயந்திரத்தில் 14 பொய் இயந்திரங்கள்! கணிப்பொறி யானை விலை விற்ற காலம் அது. பங்கு போட்டுத்தான் ஆகவேண்டும். 1972-ல் ஐ.பி.எம். இதையே வி.எம்./370 என்று விற்பனைக்கு அறிவித்தது. பிறகு எண்பதுகளில் மலிவான கணிப்பொறிகள் வந்தன. வேலைக்கு ஒரு பெட்டி வாங்கிப் போடலாம் என்றாகிவிட்டது. பம்புசெட் வந்ததும் ஆளுக்கொரு கிணறு வெட்டினோமே, அந்தக் கதைதான்.

மலிவுப் பெட்டிகளில் பங்கு போடுவது சுலபமும் அல்ல. இன்டெல்லின் எக்ஸ்86 சிப்பில் 17 கட்டளைகள் பெரியவரைக் கேட்காமல் பின்வாசல் வழியாகப் போய்விடும். அதைச் சமாளித்துக் காட்டியது 1998-ல் தொடங்கிய வி.எம்.வேர். டயான் கிரீன், அவர் கணவரும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியருமான மெண்டல் ரோசன்ப்ளம் முதலான ஐந்து பேர் ஆரம்பித்த கம்பெனி. அந்தக் கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றி எழுதிவிடுவது அவர்கள் உத்தி. 2001-ல் சர்வர்களுக்கான இ.எஸ்.எக்ஸ். வந்தது. 2003-ல், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றும் வித்தையும் வந்தது. அதே 2003-ல் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜிலிருந்து (இது வேறு கேம்பிரிட்ஜ்) ஸென், 2007-ல் லினக்ஸுக்குள்ளேயே கே.வி.எம்., 2008-ல் மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி. இடையில் 2005, 2006-ல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் சிப்பிலேயே அந்தப் பின்வாசலை அடைத்துவிட்டன.

நம்ம பக்கத்துக்கு இது எப்படி வந்தது? எங்கள் பஞ்சாலைக்குக் கொண்டுவந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், கரண்டு கட்டுதான்.

2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. வீட்டில் விசிறி சுற்றவில்லை. அப்போது நான் ஒரு பஞ்சாலையில் இருந்தேன். வருகைப் பதிவுக்கு, சம்பளத்துக்கு, ஸ்டோருக்கு, கணக்குக்கு, மெயிலுக்கு என்று ஐந்து சர்வர்கள். எதுவும் பத்து சதவீதத்துக்கு மேல் வேலை செய்யாது. ஆனால் ஐந்தும் முழு நாளும் சூடாகும். அதைத் தணிக்க ஏ.சி. யு.பி.எஸ். நாற்பது நிமிஷத்தில் மூச்சை விட்டுவிடும். ஐந்தையும் ஒரே பெட்டியில் போட்டேன். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கியது. மொதலாளி, "தம்பி, இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமேய்யா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் சறுக்கினேன். ஹைப்பர்வைசரில் ஸ்னாப்ஷாட் என்று ஒன்று உண்டு. இயந்திரத்தின் இந்த நிமிஷத்து நிலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு நடக்கிற மாற்றங்களை எல்லாம் தனி ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். சாஃப்ட்வேர் மாற்றும் முன் எடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். நான் சம்பள சர்வருக்கு ஒன்று எடுத்துவிட்டு மறந்துபோனேன். மூன்று மாதம் அந்த ஃபைல் சத்தமில்லாமல் வளர்ந்தது. சம்பளத்துக்கு முந்தின ராத்திரி டிஸ்க் நிரம்பியது. ஒரே டிஸ்க், ஒரே பெட்டி. சம்பளம் மட்டுமா, ஐந்தும் அப்படியே நின்றன.

காலையில் ஷிப்ட் முடிந்த பெண்கள் கவர் வாங்க வாசலில் நின்றார்கள். ஒரு அம்மாள், "மகளுக்கு இன்னைக்குத்தான் ஃபீஸ் கட்டணும் சார்" என்று மட்டும் சொன்னார். ஓய்வுபெறும் தருவாயில் இருந்த கணக்கர் ஒருவர், முந்தின மாதப் பிரதியையும் மேஸ்திரிகளின் குறிப்பு நோட்டையும் வைத்துக்கொண்டு கையாலேயே சம்பளம் போட்டார். கடைசிக் கவர் கொடுக்கும்போது சாயங்காலம் ஐந்தரை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் ரொம்பச் சுட்டது. இரண்டாவது பெட்டியும், தனியாக ஒரு பேக்கப்பும் அந்த வருஷமே கேட்டு வாங்கினேன்.

கிணறு ஒன்றானால் கிணற்றுக்காரர் யார் என்ற கேள்வியும் வரும். 2023 நவம்பரில் வி.எம்.வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருதடவை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தின் விற்பனை நின்று, சந்தா முறை மட்டும் என்றானது. உலகமெங்கும் பல சிறு நிறுவனங்கள் மாற்று தேடின. கே.வி.எம். மேல் கட்டப்பட்ட, ஆஸ்திரியாவிலிருந்து வரும் ப்ராக்ஸ்மாக்ஸ் பலருக்குக் கைகொடுத்தது.

நான் ஓய்வுபெற்ற பிறகு அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவன் நம் கல்லூரிப் பையன்தான். அவனும் அதற்கே மாறினான். மாற்றி முடித்த ராத்திரி போன் செய்தான். வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஸ்னாப்ஷாட்டை எல்லாம் அழிச்சாச்சா தம்பி?"

"நீங்க கேப்பீங்கன்னு தெரியும் அண்ணாச்சி. அழிச்சிட்டுத்தான் போனே பண்ணுதேன்."