குளோரோமைசெட்டின் கதை



போன மாதம் பேத்திக்கு ஐந்து நாள் காய்ச்சல். "வீட்டுல சிப்ரோ மாத்திரை மிச்சம் இருக்கு, கொடுக்கட்டுமா?" என்று டாக்டரைக் கேட்டவன் நான்தான். "வேண்டவே வேண்டாம் சார்" என்றவர், முதலில் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பிவிட்டுத்தான் ஊசியை ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்.

எங்கள் அம்மா காலத்தில் டைபாய்டு வந்தால் மூன்று நான்கு வாரம் படுக்கை, கஞ்சித் தண்ணீர். பிழைத்தால் பிழைத்தது. 1948-ல் கோலாலம்பூரில் டைபாய்டு நோயாளிகளுக்குக் குளோரோமைசெட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாளிலேயே காய்ச்சல் இறங்கியது. 1960-களில் என் அண்ணனைக் காப்பாற்றியதும் அந்த மருந்துதான்.

1972-ல் கோழிக்கோட்டில் அது தோற்றது. நம் மாஹேயிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். அதே ஆண்டு மெக்சிகோவிலும் இதே கதை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் பணிக்கர், விமலா இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: மருந்தை எதிர்க்கும் சக்தியை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது. பரீட்சை ஹாலில் பிட்டு கைமாறுவது போல! (யார் யார் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.)

1990 வாக்கில் ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் இரண்டும் சேர்ந்தே பலனிழந்தன. அடுத்து வந்த சிப்ரோவும் அதிக காலம் தாங்கவில்லை.

இதெல்லாம் எப்படிப் பரவியது என்பது மரபணுவை முழுதாகப் படிக்க ஆரம்பித்த பிறகே தெளிவானது. டைபாய்டு கிருமியின் மரபணுவில் சுமார் 48 லட்சம் எழுத்துகள். 2001-ல் முதன்முதலாக முழுவதும் படித்தார்கள். இரண்டு கிருமிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் யார் அண்ணன் தம்பி, யார் தூரத்துப் பங்காளி என்று தெரிந்துவிடும். 2015-ல் 63 நாடுகளின் கிருமிகளை இப்படிப் பார்த்தபோது, எச்58 என்ற ஒரே வம்சம் தெற்காசியாவிலிருந்து ஆப்பிரிக்கா வரை போயிருப்பது தெரிந்தது. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய, ஏறக்குறைய எதற்கும் அடங்காத டைபாய்டும் இந்த வம்சம்தான். சாதாரணக் குடல் கிருமியான ஈ.கோலையிடம் அது 'பிட்டு' வாங்கியிருந்ததையும் மரபணுவே காட்டிக்கொடுத்தது.

எனக்கு ஆச்சரியம் வேறொன்று. டாக்டர்கள் குளோரோமைசெட்டின் எழுதுவதை ஏறக்குறைய விட்டுவிட்ட பிறகு, அதற்கு அடங்கும் கிருமிகள் இந்தியாவில் மறுபடி பெருகிவிட்டன. ஓய்வு கொடுத்த மருந்துக்குப் பலம் திரும்புகிறது!

ஆனால் இதில் எதைப் படிக்கவும் உயிருள்ள கிருமி வேண்டும். கல்ச்சரில் வளர்ந்தால்தான் அது கையில் கிடைக்கும். விடால் டெஸ்டில் கிடைக்காது. முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் விழுங்கிவிட்டால் கல்ச்சரிலும் பல சமயம் வளராது. மிச்ச மாத்திரையோடு நின்ற எனக்கு இது அப்புறம்தான் உறைத்தது.

நாலாம் நாள் ரிசல்ட் வந்தது. டைபாய்டுதான். எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று ஒரு பட்டியல். சிப்ரோவுக்கு நேராக 'அடங்காது' என்று இருந்தது. பேத்தி இப்போது நலம். நேற்று நாலு இட்லி சாப்பிட்டாள்.