கீற வேண்டியதும் கீறக் கூடாததும்

சிவப்பு, சூடு, வீக்கம், வலி: காலில் வரும் சீழ்க்கட்டிக்கும், தோலடித் தொற்றான செல்லுலைட்டிஸுக்கும் இந்த நான்கும் பொது. அதனால்தான் மருந்துக்கடையில் இரண்டுக்கும் ஒரே மாத்திரையை வாங்கிப் போகிறார்கள். ஆனால் முதலாவதற்கு முதல் மருந்து கத்தி. இரண்டாவதில் கத்திக்கு வேலையே இல்லை.

சீழ்க்கட்டியை உண்டாக்குவது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கொத்துக் கொத்தாகத் தெரிந்த இந்தக் கிருமிக்கு 1882இல் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயரிட்டார். ரத்தத்தை உறையவைக்கும் நொதி இதனிடம் உண்டு. உறைந்த ஃபைப்ரின் சுற்றிலும் சுவராகிவிட, உள்ளே செத்த வெள்ளணுக்களும் சிதைந்த திசுவும் சீழாகத் தேங்குகின்றன. அங்கே ரத்த ஓட்டம் கிடையாது. விழுங்கிய ஆன்டிபயாடிக் போதிய அளவில் போய்ச் சேருவதில்லை.

சீழ் இல்லாத செல்லுலைட்டிஸில் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் காரணம். இது நேர்மாறான கிருமி: உறைந்ததைக் கரைக்கும், திசுக்களைப் பிணைக்கும் பசையையும் கரைக்கும். மாரடைப்புக்குப் போடும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி இந்தக் கிருமிக் குடும்பம் தந்ததுதான். சுவர் எழாததால் சிவப்பு தோலுக்கடியில் பரவிக்கொண்டே போகிறது. குளிர்காய்ச்சல் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும்.

விரலால் அழுத்திப் பார்த்தால் கட்டி பழுத்த இடம் நெகிழ்ந்து கொடுக்கும். செல்லுலைட்டிஸ் பரவலாக இறுகியிருக்கும். ஐயமிருந்தால் அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுத்துவிடும். கட்டி என்றால் கீறி, உள்ளறைகளையும் உடைத்துச் சீழை முழுக்க வெளியேற்ற வேண்டும். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கீறியபின் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் குணமானார்கள். மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 74. மருந்து உதவுகிறது, ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்தது கத்திதான். வீட்டில் பிதுக்குவது இதற்கு ஈடாகாது. கிருமியை ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

செல்லுலைட்டிஸைக் கீறினால் ஒன்றும் வராது, புதுப் புண்தான் மிஞ்சும். இங்கே நல்ல செய்தி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீனஸ் இன்றும் பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது என்பதே. சிக்கலில்லாத நோய்க்குப் பெரும்பாலும் 5 நாள் மருந்து போதும். காலை உயர்த்தி வைப்பதும் சிகிச்சைதான். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு வைப்பது நல்ல பழக்கம். மருந்து தொடங்கிய முதல் நாளில் கோட்டைச் சற்றே தாண்டினால் பதற வேண்டாம். ஆனால் பார்வைக்குத் தெரிவதைவிட வலி மிக அதிகமாக இருந்தாலோ, தோல் கருநீலமாகி மரத்துப்போனாலோ அது திசு அழுகல் நோயாக இருக்கலாம். மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது.

திரும்பத் திரும்ப வந்தால், கட்டிக்காரருக்குச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் குடியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். செல்லுலைட்டிஸ்காரரிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது கால் விரலிடுக்கை. அங்குள்ள சேற்றுப்புண்தான் பலருக்குக் கிருமி நுழையும் வாசல். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு நிணநீர் தேங்குவதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒவ்வொரு தாக்குதலும் நிணநாளங்களை மேலும் கெடுத்து, வீக்கத்தைக் கூட்டுகிறது. அடிக்கடி வருபவர்களுக்குக் குறைந்த அளவு பெனிசிலின் மாதக்கணக்கில் தருவதுண்டு. நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பு மங்கிவிடுகிறது. அதனால் தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு தடவுவதையும் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.