கல்வெட்டில் நிலவிலையும் இறையும்

ஒரு மனையோ நிலமோ முன்பு என்ன விலைக்குக் கைமாறியது, அதற்கு எவ்வளவு வரி விதிக்கப்பட்டது என்று அறிய இன்றுள்ளோர் பதிவகத்தை நாடுவர். சோழர் காலத்து விலையை அறிய வேண்டுவோர் கோயிற் சுவரை நாடவேண்டும். அக்காலத்தும் பதிவகம் இருந்தது. ஆவணக்களரி என்பது அதன் பெயர். ஆயினும் அங்கிருந்த ஓலைகள் அழிந்தன. கோயிலோடு தொடர்புற்ற ஆவணங்களே கல்லில் ஏறி நின்றன.

அவ்வாவணங்களின் நடை இறுக்கமானது. நாற்பால் எல்லையும் கூறி, உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாம் அடங்க என்று சொல்லி, தம்முள் இசைந்த விலையைக் குறித்து, அப்பொருளை ஆவணக்களரியிலேயே கைக்கொண்டதாக விற்றவர் ஒப்புவர். இத்துணைத் தெளிவாக எழுதப்பட்ட விலையை அப்படியே எடுத்து, ‘வேலி இத்தனை காசு’ என்று பட்டியலிடலாமே என்று தோன்றும். அங்கேதான் வழுக்குகிறது.

ஊர்ச்சபை விற்ற நிலங்கள் பலவற்றில் வாங்குவோர் இருவகைப் பொருள் கொடுத்தனர். ஒன்று விலைத்திரவியம், மற்றொன்று இறைத்திரவியம். பின்னதைப் பெற்றுக்கொண்ட சபை, அந்நிலத்துக்குரிய இறையை என்றென்றும் தானே இறுப்பதாக உடன்பட்டது. எனவே இறையிலியாக விற்ற நிலத்தின் தொகையில் வருங்கால வரியும் அடங்கியிருக்கும். இறை நீங்காத நிலத்தின் தொகையில் அது இராது. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து, விலை ஏறிற்று, இறங்கிற்று என்பது பிழை.

ஆகவே விலையை அறிய இறையை அறிதல் வேண்டும். முதலாம் இராசராசன் ஏறத்தாழ கி.பி. 1001-இல் நாட்டை அளப்பித்தான். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள், ஓர் ஊரின் மொத்த நிலத்திலிருந்து குடியிருப்பு நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதற்கே இறை கணக்கிடுகின்றன. வீதம் வேலிக்கு நூறு கலம் நெல் அளவில் அமைந்தது. கணக்கின் நுட்பமோ வியப்பளிப்பது. வேலி ஒன்றின் 52,428,800,000-இல் ஒரு கூறுவரை பின்னம் செல்கிறது. அக்கூற்றில் ஒரு கடுகை வைக்கவும் இடம் போதாது! கோலால் அளந்து கண்டதன்று அது. கணக்கர் வகுத்துக்கொண்டே போனதால் வந்தது. 1086-இல் முதற் குலோத்துங்கன் மீண்டும் அளப்பித்தான். இங்கிலாந்தில் டூம்ஸ்டே கணக்கெடுப்பு நடந்ததும் அவ்வாண்டே. புதிய அளவை வந்தபின் பழைய பரப்பும் பழைய இறையும் எப்போதும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

காசும் ஒரு சிக்கல். ‘அன்றாடு நற்காசு’ என்று ஆவணங்கள் குறிப்பது, அந்நாளில் வழங்கிய நல்ல காசு என்பதே. காசின் மாற்று காலந்தோறும் வேறுபட்டதால், பொன்னளவோ நெல்லளவோ உடன் கிடைத்தாலன்றி ஒப்பிடல் அரிது.

விற்றவரின் நிலையையும் நோக்கவேண்டும். செய்யாற்றுக்கு அண்மையிலுள்ள உக்கலில் இராசராசனின் 24-ஆம் ஆட்சியாண்டு ஆணையொன்று வெட்டப்பட்டுள்ளது. ஊரோடு ஒத்து இறை செலுத்தத் தவறியோரின் காணியை ஊராரே விற்கலாம் என்கிறது அது. அத்தகைய விற்பனையில் காணிக்குரியவன் விலைக்கு இசைந்தானா என்ற கேள்விக்கே இடமில்லை.