பள்ளிக் கல்வியில் விக்கி
பள்ளிக் கல்வியில் விக்கி என்பது மாணவர், ஆசிரியர், நூலகர் ஆகியோர் உலாவி வழியாகவே சேர்ந்து எழுதித் திருத்தும் இணையப் பக்கங்களைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தும் முறையாகும்.

வகைகள்: (1) உறுப்பினர் மட்டும் எழுதும் வகுப்பு விக்கி, (2) நூல் அறிமுகங்களையும் பாடவாரி வழிகாட்டிகளையும் தொகுக்கும் நூலக விக்கி, (3) விக்கிப்பீடியா போன்ற பொது விக்கி.

சிறப்பியல்புகள்: ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் திருத்தியவரின் பயனர் பெயர், நேரம், செய்த மாற்றம் ஆகியவை பதிவாகும். இரு பதிப்புகளை அருகருகே ஒப்பிடலாம். தவறான திருத்தத்தை மீளமைக்கலாம். குழுப்பணியில் ஒவ்வொரு மாணவரின் பங்கையும் ஆசிரியர் இந்த வரலாற்றைக்கொண்டு மதிப்பிட முடியும். கருத்து வேறுபாடுகள் உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்க்கப்படும்.

வரலாறு: முதல் விக்கியை அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995இல் வெளியிட்டார். 2001இல் விக்கிப்பீடியாவும், 2003இல் விக்கிநூல்கள், தமிழ் விக்கிப்பீடியா ஆகியவையும் தொடங்கின. 8 முதல் 13 வயதுச் சிறாருக்கான விக்கிடியா 2006இல் பிரெஞ்சு மொழியில் உருவானது. வகுப்பறைகளில் பரவலாகப் பயன்பட்ட விக்கிஸ்பேசஸ் தளம் 2018இல் வகுப்பு விக்கிகளை மூடியது.

முக்கியத்துவம்: சான்று காட்டல், நடுநிலையாக எழுதுதல், தகவலைச் சரிபார்த்தல் ஆகியவற்றில் விக்கி நேரடிப் பயிற்சி தருகிறது. மாணவரின் தனியுரிமையைக் காத்தல், பதிப்புரிமையைப் பேணல், பக்கங்களுக்குக் காப்புப்படி எடுத்தல் ஆகியவை பள்ளியின் பொறுப்பாகும்.